மண்ணீரலைத் தைத்த பல்நூல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆட்டு மண்ணீரலிலிருந்து வந்தது. காதலிலிருந்து வந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் மண்ணீரல்தான்.

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"நுஹைலா இறந்தபின் குளியலறை அலமாரியைத் திறந்தபோது அவளுடைய" — வேண்டாம். அலமாரியைத் திறந்து அழும் கணவனை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் அழவும் இல்லை.

"மெக்னேஸ் நகரத்துச் சாக்கடைகளைப் பற்றி என்னைவிட" — இது பரவாயில்லை. நகராட்சியில் சாக்கடை வரைபடம் போடுவது என் வேலை. ஆனால் கதையின் முதல் வரியில் சாக்கடை வந்தால் அம்மா படிக்க மாட்டாள். படிக்காமலிருந்தால் நல்லதுதான். இருந்தாலும்.

"எங்கள் வீட்டில் ஒரு நூல் இருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

எங்கள் வீட்டில் ஒரு நூல் இருந்தது. பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூல். சின்னக் கண்ணாடிக் குப்பி, எஃகு மூடி, உள்ளே புதினா மணக்கும் பட்டுச் சுருள். சுருள் தீர்ந்தால் குப்பியை எறிய வேண்டாம், வேறு சுருள் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

இது வீட்டுக்குள் வந்ததற்கு நான்தான் காரணம். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, குழாயில் அடைத்திருந்த ஒரு பந்தைப் பற்றிச் சொன்னேன். முடியும் பல்நூலும் பின்னிப் பின்னிப் பூனை அளவுக்கு இருந்தது. முடி அழுகியிருந்தது. நைலான் அப்படியே பளபளத்தது. எல்லாரும் நூலைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள்.

"அதுல என்னோடதும் இருக்குமா?" என்று கேட்டாள் நுஹைலா.

"நம்ம தெருக் குழாய்தான். இருக்கும்."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் என்னை மருந்தகத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே மருந்தாளர் ஸி துஹாமி இருந்தார். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுத்தார். இது நைலான். இது சோளத்திலிருந்து செய்தது, ஆனால் ஆலைச் சூட்டில்தான் மக்கும். இது மூங்கில் என்கிறார்கள், உள்ளே பார்த்தால் கரி பூசிய பாலியஸ்டர். இது நல்ல நூல், ஆனால் பெட்டி பிளாஸ்டிக். எல்லாவற்றின் முதுகையும் அவள் வாய்விட்டுப் படித்தாள். பின்னால் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

"லல்லா, நீங்க பல்லுக்கு வாங்கறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றார் ஸி துஹாமி, லல்லா என்ற மரியாதை குறையாமல்.

"மாப்பிள்ளையை இவ்வளவு படிச்சுப் பாக்கல. அதான் இவரு கெடச்சாரு" என்றாள்.

வரிசை சிரித்தது. காய்ச்சல்காரர்கள் உட்பட.

கடைசியில் இயற்கைச் சந்தையில் ஒரு பெண்ணிடம் வாங்கினாள். சுத்தப் பட்டு, தேன்மெழுகு பூசியது, மண்ணில் போட்டால் மக்கும் என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள்.

"பட்டுன்னா புழுவைக் கொதிக்க வெக்கறாங்களே" என்று மட்டும் வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டாள்.

"நாம வருஷா வருஷம் ஆட்டை என்ன பண்றோம்? மடியில வெச்சுத் தாலாட்டறோமா?"

"அது கடமை. இது பல்லு."

நான் விடவில்லை. எங்கள் ஊர்க் கடைவீதிகளில் ஆலை நூலைக் 'கத்தாழைப் பட்டு' என்று சொல்லி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பார்கள். கத்தாழைக்குத் தெரிந்தால் வழக்குப் போடும்.

"உன்கிட்டயும் பிளாஸ்டிக்கைத்தான் பட்டுன்னு தலையில கட்டியிருக்காங்க."

"பட்டுதான்."

"கொளுத்திப் பாத்துடுவோம்."

கல்யாணத் துணி எடுக்கப்போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சோதனை இது. கடைக்காரர் ஓர் இழையைப் பிடுங்கித் தீயில் காட்டுவார். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக்.

"பல்லு தேய்க்க வாங்கினதைக் கொளுத்தறதா? வீண்பண்ண மாட்டேன்" என்றாள்.

வழக்கு அப்படியே நின்றது. பயன்படுத்திய நூலைப் பால்கனியில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் புதைப்பாள். புதைக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அவள் பார்க்கும் விதம் பற்றி. நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன்.]

3

அவள் இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. பல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை என்றார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

எங்கள் பக்கம் கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்துவாள். நான்கு மாதம் பத்து நாள். எவனும் பெண் கேட்டு வரக் கூடாது. மனைவியை இழந்தவனுக்கு வெள்ளையும் கிடையாது, கெடுவும் கிடையாது. நாற்பதாம் நாள் சோற்றுப் பானை கழுவும் முன்பே அம்மா கைப்பேசியை நீட்டினாள்.

"சும்மா பாரு. பாத்தா கண்ணு குறைஞ்சுடாது."

"அம்மா."

"சமைக்கத் தெரியும். கார் ஓட்டத் தெரியும். நீ உக்காந்தா போதும், ரெண்டையும் அவளே பண்ணிடுவா."

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அப்போது என் கையில் அந்தக் குப்பி இருந்தது.

"இந்த நூல் தீரட்டும். அப்புறம் பாக்கலாம்."

அம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதிக்கும் குறைவாக இருந்தது. "சத்தியமா?" என்றாள். "சத்தியமா" என்றேன். உலகத்திலேயே பல்நூலால் இத்தா இருந்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.*

* இத்தா: மேலே சொன்ன அந்தக் காத்திருப்புக் காலம். மார்க்கம் தெரிந்தவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். எனக்குச் சட்டம் எதுவும் தரப்படவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன்.

4

அதன்பின் நூலைச் சேமிக்கத் தொடங்கினேன். விரலில் சுற்ற முடியாத அளவுக்குச் சின்னதாக வெட்டினேன். பிறகு அதையும் விட்டுவிட்டு மசாலாக் கடையில் பிஷ்னீகா வாங்கினேன். ஒரு காட்டுச்செடியின் காய்ந்த பூங்கொத்து அது. குடை மாதிரி விரிந்திருக்கும். ஒவ்வொரு காம்பும் ஒரு பல்குச்சி. பெட்டி இல்லை, மூடி இல்லை, ஆலை இல்லை. குப்பையே இல்லாத பல்நூல் தேடி அலைந்தவளிடம் இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

"எனக்குப் பல்லு நெருக்கம். குச்சி போகாது" என்றாள்.

உண்மைதான். என் கடைவாய்ப்பல்லிலும் ஓர் இடத்தில் போகாது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஈறு வீங்கியது. வலித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கொதிக்கும் தேநீரைக்கூடக் கடகடவென்று குடிப்பேன்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். அம்மாதான்.

ஒரு நாள் அவள் குளியலறையில் குப்பியைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தாள்.

"இது வளருதா என்ன? போன மாசம் இருந்த மாதிரியே இருக்கு."

"மிச்சம் பிடிக்கிறேன்."

"மகனே, உன் பொண்டாட்டி புத்திசாலி. அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் பண்ணட்டும். இதை எதுக்கு வாங்கினேன்னு என்கிட்ட அவளே சொன்னா. குப்பி அப்படியே இருக்கும், நூலை மட்டும் மாத்திக்கணும், எதையும் தூக்கிப் போடக் கூடாதுன்னு."

"அதுக்கு?"

"நீதான் குப்பி."

வாசகரே, பெற்ற மகனை எந்தத் தாயும் குப்பி என்று சொல்ல மாட்டாள் என்று இந்த வரியை அடித்தேன். எழுத்தாளன் மூளையில் உதித்த வசனம் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போனாள். அடித்ததைத் திரும்ப எழுதிவிட்டேன்.

6

பெருநாள் வந்தது. ஆடு அறுத்த மறுநாள் அம்மா என் சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். நுஹைலாவின் தாய் மன்னானா மாமியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மாமி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பல்கூட இல்லை. கட்டிய பல்.

எங்கள் வீட்டில் பெருநாள் என்றால் மண்ணீரல். அம்மா அதைப் பை மாதிரி கீறி, கொத்திய இறைச்சி, ஆலிவ் காய், ஊறிய எலுமிச்சை, பூண்டு எல்லாம் திணித்து, ஊசி நூலால் தைத்து, அடுப்பில் வேகவைப்பாள். தையலுக்காகக் கறுப்பு நூற்கண்டு ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும்.

தட்டில் துண்டுகள் வந்தன. மாமி ஒன்றைக் கடித்தார். வாயிலிருந்து ஓர் இழையை இழுத்தார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"பதூல், இதுல புதினா போட்டியா?"

"மண்ணீரல்ல யாரு புதினா போடுவா?" என்றாள் அம்மா.

மாமி இழையை விரல்களுக்கிடையில் உருட்டினார். முகர்ந்தார்.

"இது என் பொண்ணோட நூல்."

நான் எழுந்து குளியலறைக்குப் போனேன். குப்பி காலி. மூடி கழுவித் துடைத்து வைத்திருந்தது.

திரும்பி வந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்பு நூலைக் கொண்டுவர மறந்துட்டேன். இதான் கைக்குக் கெடச்சது. மெழுகு பூசின நூல், தைக்க நல்லா வழுக்கிட்டுப் போச்சு" என்றாள். "நான் என்ன பண்ணட்டும்? தீந்துபோச்சு. நூல் தீந்தா பாக்கறேன்னு நீதான் சத்தியம் பண்ணின. வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டுக்கு வர்றோம்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"...போன வாரம்."

மாமி சிரித்தார். என் திருமணத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"யாரு சொன்னா தீந்துச்சுன்னு? இதோ இருக்கே."

பிறகு அவர் செய்ததை எழுதுவது கடினம். ஹஜ் போய்வந்த, மரியாதைக்குரிய ஹாஜா அவர். எல்லாருடைய தட்டிலும் கைவிட்டார். கடித்த துண்டுகளிலிருந்து இழைகளை உருவினார். பாத்திரத்தில் மிச்சமிருந்த மண்ணீரலின் தையலைப் பிரித்தார். உள்ளிருந்த ஆலிவ் காய்களெல்லாம் மேசையில் உருண்டன.

"லல்லா மன்னானா! சாப்பாடு அது!" அம்மா கத்தினாள்.

"நீ தைச்சே. நான் பிரிக்கறேன்."

"வாழவேண்டிய பையன். உங்க பொண்ணு போயிட்டா. அவனையும் கூடவே புதைக்கணுமா?"

"எனக்கு வேற எந்த வீடு இருக்கு பதூல்? பொண்ணு இருந்த வீடுன்னு வந்து உக்கார?"

மாமி இழைகளை எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கழுவினார். ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார். சுருட்டி, குப்பியில் இட்டு, மூடி என் முன் வைத்தார்.

"இனிமே தீராது" என்றார்.

முடிச்சுப் போட்ட நூல் எந்தப் பல்லிடுக்கிலும் போகாது. போகாத நூல் தேயாது. தேயாதது தீராது. சாகும்வரை இத்தா இருக்கும்படி எனக்கு ஒரு குப்பி கிடைத்துவிட்டது.

இரண்டு தாய்மார்களும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர் போடுகிறேன் என்றேன்.

7

முடிவுகள்.

அ) வெள்ளிக்கிழமை போகிறேன். அந்தப் பெண் ஸி துஹாமியின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள், அன்று வரிசையோடு சேர்ந்து சிரித்தவளும் அவள்தான். அழகான முடிவு. ஆனால் அவள் டயர்க் கடையில் கணக்கு எழுதுகிறாள், நுஹைலாவைப் பார்த்ததே இல்லை.

ஆ) புதுச் சுருள் வாங்கிப் போடுகிறேன். நுஹைலாவே சொல்லிவிட்டுப் போன முடிவு என்று அம்மா சாதிப்பாள். இயற்கைச் சந்தைப் பெண்ணிடம் போனேன். இப்போது அவள் ஆலிவ் எண்ணெய் சோப்பு மட்டும்தான் விற்கிறாள். பல்நூலா, யாரும் வாங்கறதில்லையே, உங்க வீட்டம்மா ஒருத்திதான் என்றாள். வீட்டம்மா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

இ) முடிச்சுக் குப்பியோடு இருந்துவிடுகிறேன். மாமி வெள்ளிக்கிழமைதோறும் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். நல்லவர்தான். ஆனால் அந்த முடிவில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். குப்பிக்குள்

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

8

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். மேசை துடைக்கும்போது ஓர் இழை கிடைத்தது. முடிச்சுப் போட எட்டாத துண்டு என்று மாமி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். விரல் நீளம்தான். இப்போது இந்தத் தாளின் மேல் கிடக்கிறது. பக்கத்தில் தீப்பெட்டி.

கொளுத்தினால் வழக்கு முடியும். முடி கருகும் நாற்றம் வந்தால் அவள் ஜெயித்தாள். சொட்டினால் நான். நான் ஜெயித்தால், கடைசியாக அவள் அத்தனை பெட்டிகளைப் படித்துத் தேர்ந்தெடுத்ததும் ஏமாற்று. அவள் ஜெயித்தால், போய்ச் சொல்ல ஆள் இல்லை.

கொளுத்தாமலும் இருக்கலாம். மண்ணீரல் விருந்தின் இறைச்சி நார் ஒன்று, குச்சி போகாத அந்தக் கடைவாய் இடுக்கில் மாட்டியிருக்கிறது. இந்தத் துண்டை நகத்தால் இறுக்கிப் பிடித்தால் ஒரே ஓர் இடுக்குக்குப் போதும். அதோடு நூல் உண்மையாகவே தீரும். சத்தியப்படி நான் வெள்ளிக்கிழமை சட்டை இஸ்திரி போட வேண்டும்.

கொளுத்தவா, இழுக்கவா? இரண்டுக்கும் சேர்த்து நூல் இல்லை. அவள் இருந்தால் வீண்பண்ணாதே என்பாள். ஆனால் எது வீண் என்று சொல்லாமல் போய்விட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். தீக்குச்சியானால் சன்னலைத் திறந்துவிட்டு உரசுங்கள். இழுப்பதானால் கண்ணாடி முன்னால் நின்று இழுங்கள். மிச்சத்தைக் கழிப்பறையில் மட்டும் போடாதீர்கள், தொட்டி பால்கனியில் இருக்கிறது.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. இன்று வியாழன். பல் வலிக்கிறது. காலையிலிருந்து, நன்றாகவே வலிக்கிறது.