நாலு இருபதுக்குக் கட்டாகிற லைன்

வீட்டு இன்டர்நெட் மோடத்துக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தால், அது கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து நல்ல புத்தியோடு வேலை செய்யும் என்று ஒரு சனிக்கிழமை அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். எதிர்வீட்டில் ட்ரில் மெஷின் இரவல் வாங்கி வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரில் மூன்று ஓட்டை போட்டார். மூன்றாவது ஓட்டையில் சுவர் வேறு மாதிரி முனகியது. வெளியே இழுத்துப் பார்த்தால், சிமெண்டுத் தூளுக்கு நடுவே செம்புத் துகள் மினுமினுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்குள் கேபிள் போகிறது என்று அவருக்குத் தெரியாதா? அதைப் பதிக்கும்போது பக்கத்திலேயே நின்று, "கொஞ்சம் நேரா போடுங்கப்பா" என்று அதிகாரம் பண்ணியவரே அவர்தான்.

மோடத்தைப் பார்த்தார். எல்லா விளக்கும் எரிந்தது. எரிகிறது என்றால் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம். அந்த ஓட்டையில் திருகாணியை முடுக்கினார், பலகையை மாட்டினார், மோடத்தை அதில் ஏற்றினார், தரையில் கிடந்த தூளைத் துடைப்பம் எடுத்துப் பெருக்கினார். அங்கேதான் பிசகிவிட்டது. கல்யாணமான முப்பது வருஷத்தில் அவர் துடைப்பத்தைத் தொட்டது அதோடு மூன்றாவது தடவை.

"எதை உடைச்சீங்க?" என்றாள் மனைவி, வாசற்படியிலிருந்தே.

"ஒண்ணும் உடைக்கல."

"பெருக்கறீங்களே."

அன்றைக்குப் பிடித்தது சனியன். நினைத்தபோது லைன் போகும், நினைத்தபோது வரும். பேங்குக் கணக்கைத் திறந்தால் பாதியில் நிற்கும். வீடியோவில் பாடுகிறவர் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். அதெல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிதான் அவருக்கு முக்கியம். கடல் தாண்டிப் போய் மூன்று வருஷமான மகளின் முகத்தை அவர் பார்ப்பது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். கொஞ்ச நாளாக அந்த முகம் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது. என்ன ஏது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை.

அப்பாவும் மகளும் பேசுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த ஊர் வெயில், பிறகு இந்த ஊர் வெயில். பிறகு ஆபீஸ், அம்மாவின் முழங்கால், எதிர்வீட்டு நாய். இத்தனையும் முடிய இருபது நிமிஷம் பிடிக்கும். அதற்கப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளைய கொஞ்சம் கூப்பிடேன், முகத்தப் பாத்து நாளாச்சு" என்பார். முன்பெல்லாம், "தூங்கறார்ப்பா, வெளிய போயிருக்கார்ப்பா" என்று ஏதாவது பதில் வரும்; இப்போது சொல்லி வைத்த மாதிரி லைன் போய்விடும். ஒரு நிமிஷம் கழித்துச் செய்தி வரும்: 'கட் ஆச்சுப்பா. அடுத்த வாரம் பேசறேன்.'

அவர் அந்தப் பலகையைப் பார்ப்பார். பலகையில் மோடம் மகாராஜா மாதிரி வீற்றிருக்கும். 'பெற்ற பெண்ணோடு பேசுகிற வழியில் நீயே ஓட்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, மூதேவி' என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார். வாய்விட்டுச் சொல்ல முடியாது. மனைவிக்குக் காது நல்ல கூர்மை.

கம்பெனிக்கு நாலு தடவை போன் செய்தார். நாலு தடவையும் நாலு குரல், ஒரே மந்திரம்: "அணைச்சுட்டு, முப்பது எண்ணிட்டு, திரும்பப் போடுங்க சார்." போட்டார். "இப்போ வருதா சார்?" "வருது." அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற ஆள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்தவர். நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்று பாதிப் பேர், "தெரியுது சார், நல்லாவே தெரியுது" என்று அளப்பார்கள். அந்தப் பாதிப் பேரில் தானும் ஒருவராகிவிட்டது அவருக்கே அலுப்பாக இருந்தது. "வீட்டுல சுவத்துல ஏதாவது வேலை நடந்துச்சா சார்?" என்று நாலாவது குரல் கேட்டது. "இல்லையே" என்றார்.

"என்கிட்ட பேசறப்போ கட் ஆகறதில்லையே" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. அவள் வாரநாட்களில் மகளோடு போனில் பேசுவாள்.

"அது போன். இது கேபிள். ரெண்டும் வேற."

"ஓஹோ."

"நீ என்னதான் பேசுவ அவகிட்ட?"

"சாப்பிட்டியான்னு கேப்பேன். சாப்பிட்டேன்னு சொல்லுவா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." மடித்த துணியை அவள் ஏனோ திரும்பப் பிரித்து மடித்தாள்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. நாற்பது வயசிருக்கும் ஒரு பெண். தோளில் ஏணி, இடுப்பில் பை, முகத்தில் அன்றைக்கு ஏற்கெனவே பார்த்து முடித்த ஏழு வீட்டுக் களைப்பு. மோடத்தின் பின்னாலிருந்த வயரைக் கழற்றி, கையடக்க மீட்டரில் மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சுவத்துல ஓட்டை போட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். "அப்போ இது தானா முளைச்சுதா?"

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. அதைத் தொடர்ந்து சிரிப்பு. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. அவர் காது மடல் வரைக்கும் சூடாகிக் கடைசித் திருகாணியைக் காட்டினார். வந்தவள் அதைக் கழற்றினாள். பழைய கேபிளை இழுத்து வெளியே போட்டாள். நடுவில் எலி கடித்த மாதிரி பாதிக்கு அறுந்து, மேலே சுற்றிய கம்பி வலை பிசிறு பிசிறாக நின்றது. சுவரோரமாகப் புதுக் கேபிள் ஓட்டினாள். "இனிமே விழாது. இந்தப் பக்கம் மட்டும் ஓட்டை போடாதீங்க" என்றாள். நாலு நாள் லைன் பாறை மாதிரி நின்றது. ஞாயிறு வந்தது. வெயில், வெயில், ஆபீஸ், முழங்கால், நாய். "மாப்பிள்ளைய கொஞ்சம்..." போயிற்று.

கம்பெனியைத் திரும்பக் கூப்பிட்டார். அதே பெண்தான் வந்தாள். ஏணியைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்:

"போறப்போ எப்படி சார் போகுது? படம் உறைஞ்சு, குரல் இழுத்து அப்புறம் போகுதா, இல்ல ஒரேயடியா போயிடுதா?"

அவர் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை இத்தனை நாள் எவனும் கேட்கவில்லை. "மத்த நேரமெல்லாம் உறைஞ்சுதாம்மா போச்சு. ஞாயித்துக்கிழம மட்டும் பட்டுனு போகுது."

"ரெண்டும் வேற வேற வியாதி சார்."

அவருடைய கம்ப்யூட்டரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். லைன் எப்போதெல்லாம் விழுந்ததோ, தேதியும் மணியுமாக அது தானே எழுதி வைத்திருந்தது. புதனுக்கு முன்னால் பட்டியல் நீளமாக ஓடியது. புதனுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. போன ஞாயிறு நாலு இருபதுக்கு ஒன்றுமே இல்லை.

"பழைய ஞாயிறெல்லாம்?" என்றார்.

அவள் பட்டியலை மேலே தள்ளினாள். ஐந்து ஞாயிறு. ஒன்றில்கூட நாலு இருபது இல்லை.

"அப்போ அந்தப் பக்கம்தான் கோளாறா?"

அவள் பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "அந்தப் பக்கத்தப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது சார். உங்க பக்கம் நல்லா இருக்கு." படியிறங்கும்போது என்ன நினைத்தாளோ, திரும்பி, "வரேன் சார்" என்றாள். போன தடவை அப்படிச் சொல்லவில்லை.

அந்த வாரம் கடையில் ஒருவருக்கு இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகள் திரையில் வந்தாள். தலை வாரியிருந்தாள். அவளுக்குப் பின்னால் எப்போதும் போல வெறும் வெள்ளைச் சுவர். வெயில் இரண்டும் ஆயிற்று, நாயும் ஆயிற்று. அவர் தொண்டையைச் செருமினார். அவள் முகம் லேசாக இறுகியது. இத்தனை வாரம் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"லைன் இப்போ நல்லா இருக்கும்மா. ஆள் வந்து பாத்துட்டாங்க. ஒரு தடவகூட விழல."

"சரிப்பா."

"முன்னாடியும் இந்த நேரத்துக்கு விழலயாம். எழுதி வச்சிருக்கு." அவர் மேசை விளிம்பைத் தடவினார். "கோவமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். கட் ஆகுதா, நீ கட் பண்றியா?"

அவள் விரல் திரையை நோக்கி வந்தது. வர வரப் பெரிதாகி முகத்தை மறைத்து, திரை முழுக்க மங்கலான சிவப்பாக நிறைந்து, அப்படியே நின்றது. சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. மனைவி வந்து, நாற்காலிக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் நின்றாள்.

"நான்தாம்ப்பா கட் பண்றேன்" என்றது விரலுக்குப் பின்னாலிருந்து குரல். "அவர் இங்க இல்ல. என்னை விட்டுட்டுப் போய் நாலு மாசமாச்சு. வர மாட்டார். கூப்பிடு கூப்பிடுன்னா நான் யாரக் கூப்பிடுவேன்?"

விரல் மெல்ல விலகியது. அது பட்ட இடத்தில் கேமரா மேல் ஒரு மங்கல் படிந்துவிட்டது. அதன் வழியாக அவள் முகம் கலங்கலாக, ஆனால் ஒரு கணமும் உறையாமல், அசைந்துகொண்டே இருந்தது.