கொடிகாமத்தில் நின்ற றெயில்

சூட்கேஸை முதலில் சன்னலால் தள்ளினாள் அருந்ததி. பிறகு அப்பிள் பையை. அடுத்துத் தானும் காலை வெளியே போட்டாள்.

"கதவாலை வா, பிள்ளை. வயித்திலை ஒண்டை வைச்சுக்கொண்டு சன்னலாலை குதிக்கிறாய்." கீழே நின்று சூட்கேஸைப் பிடித்தவர் அவளுடைய அண்ணன் பரமலிங்கம்.

"கதவடியிலை சனம் விடுகுதில்லை, அண்ணை. அப்பா எப்பிடி?"

"முதல் இறங்கு."

சாவகச்சேரிப் பக்கம் தண்டவாளம் பெயர்ந்துவிட்டதாம்; றெயிலைக் கொடிகாமத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே மதவாச்சியில் ஓர் இரவும் வவுனியாவில் ஒரு முழுப் பகலும் போயிருந்தன. கொழும்பில் அவள் விரும்பியவனைக் கட்டிய நாளிலிருந்து அப்பா ஏரம்பு அவளோடு கதைத்ததில்லை. இப்போது அண்ணனின் தந்தி வந்திருக்கிறது. 'அப்பாவுக்குச் சுகவீனம் கடுமை. உன்னைக் கேட்கிறார்.' ஒருதரம் 'பிள்ளை' என்று அவர் கூப்பிட்டால் போதும் அவளுக்கு.

வாடகைக் காரில் ஏறியதும், "ஆசுப்பத்திரிக்கு விடச் சொல்லுங்கோ," என்றாள்.

"பின்னேரந்தான் பாக்க விடுவினம். வீட்டை போய்க் குளிச்சுச் சாப்பிடு. உந்தக் கோலத்தோடை போய் நிண்டா மனிசன் பயந்திடும்."

அவள் சிரித்தாள். அவர் தெருவைப் பார்த்தார்.

வீடு என்றாலும் அது சொந்த வீடில்லை. பலாலி இராணுவ முகாம் பெருத்தபோது அப்பாவும் அண்ணனும் வயாவிளானை விட்டு வந்து, இணுவிலில் ஒரு மேல்மாடியில் தற்காலிகமாகக் குடியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு குசினி. பாதி மூட்டைகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அப்பாவின் சாய்மனைக் கதிரை மடித்துச் சுவரில் சாத்தப்பட்டிருந்தது.

"கலியாணம் கட்டாத ஆம்பிளை வீடு பாத்தா இப்பிடித்தான் இருக்கும்," என்று மூட்டையொன்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"அது கிடக்கட்டும். குளி."

குளித்து வரும்போது, கீழ்வீட்டு ஞானாம்பிகை மாமி சோறும் கறியும் கொண்டுவந்திருந்தார். அவள் கன்னத்தைத் தடவிவிட்டு இறங்கிப்போனார்.

"நல்ல மனிசி. வந்த உடனை சாப்பாடு. ஆனா மீனைக் காணேல்லை."

"வெள்ளிக்கிழமையெல்லோ," என்றார் பரமலிங்கம்.

"இண்டைக்கு வெள்ளியோ? றெயிலிலை கிழமையும் மறந்துபோச்சு."

"சாப்பிடு."

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரிலேயே இருந்தார். அவர் ஒரு பருக்கை தொடவில்லை.

கை கழுவியவள் நேரே குசினிக்குள் போனாள். அரிசியைக் கழுவிப் பானையில் போட்டாள். "அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோவம். ஆசுப்பத்திரிக் கஞ்சியை அவர் வாயிலை வைக்கமாட்டார்."

நெருப்புக்குச்சியைத் தட்டினாள். ஓடிவந்து அதை ஊதி அணைத்தார் பரமலிங்கம்.

"என்ன, அடுப்பிலை எண்ணெய் இல்லையோ?"

"எண்ணெய் இருக்கு."

இரண்டாவது குச்சியை எடுத்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து, வாசலில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பினாள்.

அருந்ததி பிளாஸ்கைப் பார்த்தாள். மீனில்லாத கறிச் சட்டியைப் பார்த்தாள். அயலவர்கள் சமைத்துக் கொடுக்க, அடுப்பு மூட்டாமல் இருக்கும் வீடு எது என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணை, இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"நேற்று மத்தியானம் வரைக்கும் உன்ரை றெயிலைப் பாத்தம்," என்றார். "பிறகு ஊரடங்கு போடப் போறாங்கள் எண்டு கதை வந்தது. அதுக்கு மேலை வைச்சிருக்க ஏலாமல் போச்சு. கொண்டுபோய் எரிச்சாச்சு. நாளைக்குச் சாம்பல் அள்ளுற காடாத்து. அது முடிஞ்சாப் பிறகுதான் அடுப்பு மூட்டலாம். பிள்ளைத்தாச்சி, ஒரு வாய் சாப்பிட்டாப் பிறகு சொல்லுவமெண்டு இருந்தன்."

கையிலிருந்த குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

"கடைசி வரைக்கும் என்னைக் கேட்டவரோ?"

"ஓம்."

"இதுவும் வெள்ளிக்கிழமையோ, அண்ணை?"

பரமலிங்கம் அவளுக்கு எதிரே குந்தினார்.

"வருத்தமாய் விழுந்த அண்டைக்கே அவருக்குக் கதை பேச்சு நிண்டுபோச்சு," என்றார். "உன்னைக் கேக்கிறார் எண்டு தந்தியிலை நான்தான் சேத்தனான்."