மேஜை இழுப்பறையில் ஒரு பல் ஆஸ்பத்திரி

கைப்பைக்குள் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் இரண்டு பெண்மணிகளை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், அதில் அழகாக இருப்பவள் நான். மற்றவர் என் சம்பந்தி. அவருடைய மகளைத்தான் என் மகன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் கட்டட வரைபட அலுவலகத்தில் கோடு போட்டே ஓய்வு பெற்றவள். நான் போட்ட கோடுகளை ஒன்றோடொன்று ஒட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். சம்பந்தி வங்கியில் காசாளராக இருந்தவர். கள்ளநோட்டு அவர் கையில் பட்டால் தானாகவே அழுது உண்மையை ஒப்புக்கொள்ளும் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றால், நான்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றதும் எங்கள் இருவருக்கும் ஒரே கிறுக்கு பிடித்தது. பொம்மை வீடு. உலகத்தில் உள்ள எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது பொம்மைக்கு என்னவாகும் என்று மட்டும்தான் எங்களுக்குத் தோன்றும். பற்பசை மூடி என்றால் பூந்தொட்டி. பீட்சா டப்பாவுக்குள் மூடி அழுந்தாமலிருக்க வைக்கிறார்களே மூன்று கால் பிளாஸ்டிக், அது டீப்பாய். அந்த டீப்பாய்க்காகவே வேண்டாத பீட்சாக்களைத் தின்று நான் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன்.

இந்தக் கிறுக்குக்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்தது என் மருமகளால். அவள் குழந்தைகளுக்கான பல் டாக்டர். ஒரு நாள் கிளினிக்கிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள்.

"அத்தை, ஒரு பொண்ணு வர்றா. அஞ்சு வயசு. கடைவாய்ப் பல்லு சொத்தையாகிக் கன்னம் வீங்கிடுச்சு. மருந்து கொடுத்து வீக்கத்தை இறக்கிட்டேன். பல்லை எடுத்தாகணும். வாயைத் திறக்கவே மாட்டேங்கறா. கிளினிக்கில எல்லாரும் அவளைப் பூட்டுன்னுதான் சொல்றாங்க."

"சாக்லேட் காட்டிப் பாரேன்."

"பல் டாக்டர் சாக்லேட் காட்டறதா? திங்கட்கிழமையும் திறக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். ஒரு பல்லுக்காக அவ்வளவு சின்னக் குழந்தையை மயக்கத்துல படுக்க வைக்க எனக்கு மனசு வரலை அத்தை." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் அம்மாவும் ஒரு குட்டிப் பல் ஆஸ்பத்திரி செஞ்சு தருவீங்களா? பொம்மையை வெச்சு அவளே விளையாடட்டும். பயம் தெளியலாம்."

நான் அப்போதே போனை எடுத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் தேடினால் பொம்மைப் பல் ஆஸ்பத்திரி செட்டு கிடைக்கிறதுதான். அந்த விலைக்கு நிஜ ஆஸ்பத்திரியே திறந்து வாசலில் ஒரு காவலாளியையும் நிறுத்தலாம். அதனால் நாங்கள் போனது, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று போர்டு மாட்டிய கடைக்கு. சம்பந்தி நுழையும்போதே ஆரம்பித்தார்.

"ஒரே விலைங்கறது சரி தம்பி. அந்த ஒரே விலை எவ்வளவுன்னு நாம இன்னும் பேசலையே?"

"போர்டுலயே எழுதியிருக்கேம்மா."

"எழுதினதை அழிக்க முடியாதா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

கைப்பையிலிருந்து மேடத்தை எடுத்தேன். மேடம் என்பது எங்கள் பொம்மையின் பெயர். அரை அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். நிஜத்தில் ஓர் அடி என்றால் எங்கள் உலகத்தில் ஓர் அங்குலம். அதில் ஒரு நூல் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. எந்தச் சாமானையும் மேடத்தை உட்காரவைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. மேடம் சோப்பு டப்பாவில் படுத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. பஞ்சு டப்பாவில் உட்கார்ந்தார். கால் தொங்கியது. அப்போதுதான் மேல் தட்டில் அது என் கண்ணில் பட்டது. பின்னால் சாய்கிற, முன்னால் மடிகிற, வெள்ளை நிற மொபைல் ஸ்டாண்டு. மேடத்தை அதில் சாய்த்தேன். தலை சாய்ந்து, கால் நீண்டு, வாய் மேலே பார்த்து... பல் டாக்டர் நாற்காலி அப்படியே உயிரோடு வந்து நின்றது!

"சம்பந்தி!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அம்மா, அது போன் வைக்கிறது," என்றார் கடைக்காரர்.

"உங்களுக்கு," என்றார் சம்பந்தி. "கண்ணுல போடற லென்ஸு வைக்கிற டப்பா இருக்கா? ரெண்டு குழியோட இருக்குமே?"

"நீங்கதான் கண்ணாடி போட்டிருக்கீங்களே, லென்ஸ் டப்பா எதுக்கு?"

"வாஷ்பேசினுக்கு."

கடைக்காரர் சட்டென்று உள்ளே போனார். போலீசுக்குப் போன் செய்யத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் லென்ஸ் டப்பாவும், கூடவே சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன டார்ச்சும் இருந்தன.

"இது மேலே தொங்கற லைட்டா வருமா பாருங்கம்மா," என்றார் தணிந்த குரலில்.

அன்று மாலைவரை அந்தக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. கடைக்காரரே ஒவ்வொரு தட்டாக ஏறி, "அந்த அம்மாவைக் கொடுங்க, இதுல உட்காரவெச்சுப் பார்க்கலாம்," என்று மேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். வளைகிற ஸ்ட்ரா எச்சில் உறிஞ்சுகிற குழாயானது. ஜிகினாப் பொட்டு, பல் பார்க்கும் கண்ணாடியானது. புருவம் திருத்தும் இடுக்கி, பல் பிடுங்கும் குறடானது. சம்பந்தி கடைசியில் போர்டில் எழுதியிருந்த விலையைத்தான் கொடுத்தார். ஆனால் ஒரு பை இலவசமாக வாங்காமல் படி இறங்கவில்லை.

பழைய சாமான் கடையில் கிடைத்த மேஜை இழுப்பறை ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தினோம். அதுதான் கட்டடம். சுவருக்கு வெளிர்பச்சை வர்ணம் நான் பூசினேன். அந்தப் பச்சையைப் பார்த்தால் பல் வலி பாதி குறையும். எல்லாம் நன்றாகத்தான் போனது, நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்ற பேச்சு வரும்வரை.

"ஜன்னலைப் பார்த்துப் போடணும் சம்பந்தி," என்றேன். "வெளிச்சம் வாயில விழணும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி. ஆனா வாசலைப் பார்த்து இருந்தா பேஷன்டுக்குத் தைரியமா இருக்கும். ஓடிடலாம்னு ஒரு நம்பிக்கை."

"ஆமாமா, அதுவும் சரிதான்."

சம்பந்திகள் சண்டை போடக்கூடாது. அதற்காகத்தான் மரியாதை என்ற ஆயுதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அடுப்படிக்குப் போனால் நாற்காலி வாசலைப் பார்க்கும். அவர் கை கழுவப் போனால் ஜன்னலைப் பார்க்கும். பேசின் நகர்ந்தது, விளக்கு நகர்ந்தது, டீப்பாய்கூடக் கால் முளைத்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். நான் பசைக் குழாயை எடுத்தேன். சாதாரணப் பசை அல்ல. பாலம் உடைந்தால் ஒட்டுகிற வகை. நாற்காலி, பேசின், விளக்கு, குழாய் எல்லாவற்றையும் எனக்குப் பிடித்த இடத்தில் அழுத்தி ஒட்டி, ஊதிக் காயவைத்தேன். திரும்பி வந்த சம்பந்தி நாற்காலியைப் பார்த்தார். புன்னகைத்தார். "ரொம்ப நல்லாருக்கு சம்பந்தி," என்றார். இவ்வளவு சுலபமாகத் தோற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கிளினிக்கில் காத்திருக்கும் அறையின் நடுவே எங்கள் ஆஸ்பத்திரியை வைத்து, டார்ச்சைப் போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பூட்டு அவளுடைய அப்பாவோடு வந்தாள். அவர் பஸ் ஓட்டுநர். காக்கிச் சட்டையோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்து, தைத்துவிட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

விளக்கைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. காலை விட்டாள். மெதுவாக வந்தாள். மருமகள் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என் வாழ்நாளிலேயே அவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

பூட்டு கையை நீட்டி நாற்காலியை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. பேசினைத் தொட்டாள். அசையவில்லை. ஸ்ட்ராவை இழுத்தாள். அதுவும் அப்படியே. மேடத்தைத் தூக்கினாள், மேடத்தோடு சேர்ந்து மொத்த ஆஸ்பத்திரியும் மேலே எழும்பியது.

"அத்தை?" என்றாள் மருமகள்.

"வழியில குலுங்குமேன்னு நாற்காலியையும் பேசினையும் மட்டும் லேசா ஒட்டினேன்," என்றேன். "மேடத்தை நான் தொடலை!"

மருமகள் திரும்பினாள். "அம்மா?"

சம்பந்தி தன் புடவைத் தலைப்பை ஆராய்ந்தார். "நான் மேடத்தையும் கொஞ்சம் டீப்பாயையும்... நாற்காலியையும் வாசலுக்குத் திருப்பலாம்னு பார்த்தேன். ஏற்கெனவே ஒட்டியிருந்துச்சு. சரி, இருக்கட்டும்னு மேலே இன்னொரு பூச்சு."

பூட்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதுவும் பெரியவர்கள் செய்கிற ஏமாற்று. தொடாதே, சும்மா பார் என்கிற வகை. விறுவிறுவென்று திரும்பிப் போய் அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஓட்டுநர் அவள் தலையைத் தடவினார். "பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்," என்றார். என்னை மருமகள் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேசினைப் பிடித்து இழுத்தேன். மலையைப் பிடுங்குவது அதைவிடச் சுலபம். இடமும் வலமுமாக ஆட்டினேன். கர்ர்ரக் என்று ஒரு சத்தம் வந்தது.

சட்டைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

இன்னும் ஆட்டினேன். அவள் வந்துவிட்டாள். என் கையைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். மருமகள் சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடுக்கியை அவள் கையில் கொடுத்தாள்.

"இழுக்காதேடா. முதல்ல இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். மெதுவா ஆட்டணும். தானா லூசாகி வரும்."

பேசின் டக்கென்று வந்தது. கூடவே என் வெளிர்பச்சைச் சுவரில் ஒரு பத்தை பெயர்ந்து வந்தது. நான் ஐயோ என்று அலறிவிட்டேன். நடிப்பில்லை, அந்தச் சுவருக்கு மூன்று பூச்சுப் பூசியிருந்தேன்.

பூட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கிளினிக்கில் முதல் தடவையாக அவள் வாய் திறந்தது.

"வலிக்குதா?"

"உயிரே போகுது டாக்டர்," என்றேன்.

"மூக்கால மூச்சு விடுங்க," என்றாள். மருமகள் அவளிடம் முன்பு சொன்னதையெல்லாம் வாயை மூடிக்கொண்டே கேட்டு வைத்திருக்கிறாள்! "ரொம்ப வலிச்சா கையைத் தூக்குங்க. நிறுத்திடுவேன்."

விளக்கில் கை வைத்தாள். நான் கையைத் தூக்கினேன். உடனே நிறுத்தினாள். இடுக்கியை மடியில் வைத்துவிட்டு, நான் கையை இறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். சம்பந்தியும் பேஷன்டாகச் சேர்ந்துகொண்டார். டீப்பாய்க்கு அவர் போட்ட கூச்சலுக்கு முன்னால் என் கூச்சல் ஒன்றுமே இல்லை. காத்திருந்த ஒரு பையன் பயந்து அவனுடைய அம்மாவின் மடியில் ஏறிவிட்டான். சம்பந்தி கையைத் தூக்கியபோதெல்லாம் பூட்டு நிறுத்தினாள். ஸ்ட்ரா வந்தது, விளக்கு வந்தது, மேடம் தன் செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். நாற்காலி மட்டும் வரவே இல்லை. இரண்டு சம்பந்திகள் சேர்ந்து ஒட்டியது வருமா?

வேர்வையைத் துடைத்துக்கொண்டு பூட்டு மருமகளைப் பார்த்தாள்.

"நான் கையைத் தூக்கினா நீங்களும் நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

"நிஜமா?"

"நீ இவங்களுக்கு நிறுத்தின மாதிரியே."

அவள் யோசித்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. தானே உள்ளே நடந்து போய், பெரிய நாற்காலியில் ஏறிப் படுத்தாள். நாங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைக் கொஞ்சம் திறந்தாள். உடனே கையைத் தூக்கினாள். மருமகள் நிறுத்தினாள். மரத்துப்போக மருந்து தடவும்போது தூக்கினாள், அதற்கும் மருமகள் நிறுத்தினாள். ஊசிக்கு முன்னால் தூக்கி, மறுபடி தூக்கி, வலிக்காதபோதுகூடத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மருமகள் கருவியை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஓட்டுநர் என் தோளைப் பிடித்திருந்தது அவருக்கே தெரியாது. பஸ்ஸைத் திருப்புகிற கை. தோள் இன்னும் வலிக்கிறது.

கடைசியில் பூட்டின் கை கீழேயே இருந்தது.

வாயில் பஞ்சோடு வெளியே வந்தவள், அறையில் இருந்த ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, பஞ்சை ஒதுக்கி, பல் இருந்த ஓட்டையைக் காட்டினாள். கண்ணைப் பொத்திக்கொண்ட அந்தப் பையனின் கையை விலக்கிக் காட்டினாள். "பஞ்சைக் கடிச்சுக்கோம்மா, வாயை மூடும்மா," என்று அப்பா கெஞ்சிக்கொண்டே பின்னால் போனார்.

எல்லாரும் போனபின் நானும் சம்பந்தியும் குனிந்து, சுவர் பெயர்ந்து தரை உரிந்த எங்கள் ஆஸ்பத்திரியின் துண்டுகளைப் பொறுக்கினோம். மருமகள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அத்தை, அம்மா, வியாழக்கிழமைக்கு இன்னொண்ணு வேணும். அந்தப் பையன் வர்றான். நல்லா இறுக்கி ஒட்டிக் கொடுங்க."

நாற்காலி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பந்தி அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பசை வாங்கத்தான் ஓடுகிறார் என்று தெரிந்து, நானும் பின்னால் ஓடினேன்.