தண்ணீர் ஊசி

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் பொய் சொல்லித்தான் பிழைக்கிறார்கள். தினமும் குடிக்கிறவன் "எப்பவாவது" என்பான். மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் "தவறாம சாப்பிடறேன்" என்பார். டாக்டர்களும் ஒரு கணக்குப் போட்டு எழுதிக்கொள்வார்கள், வைத்தியம் நடந்துவிடும். அன்று காலை ஒன்பது மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவன் மட்டும் உண்மையைச் சொன்னான்.

"முன்னாடி போதை ஊசி போட்டுக்கிட்டிருந்தேன் சார். விட்டுப் பதினோரு மாசம் ஆச்சு."

கைத்தாங்கலாகப் பிடித்திருந்த அக்கா அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள். "இதை உன்கிட்ட யாருடா கேட்டா?"

டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று மறுவாழ்வு மையத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கவில்லை.

கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் கல்லூரியிலேயே முதலாவதாகத் தேறியவன். அதனால் பிரிவின் தலைமை டாக்டரான சீஃப் அவனுக்கு வைத்த பெயர் 'முதல் மார்க்'. போதை அடிமைகளைப் பற்றி அவனுக்கு ஐந்தாண்டுப் படிப்பில் ஒரே ஒரு வகுப்பு. அன்றைக்குப் பேராசிரியர் லீவு. பெருந்தன்மையாக எல்லோருக்கும் வருகை மட்டும் போட்டுவிட்டார்கள்.

ஆனால் வயிற்றைப் பற்றி அவனுக்குத் தெரியும். கையை வைத்தான். பலகை மாதிரி விறைத்திருந்தது. ஆறு மணிக்குக் கத்தியால் குத்தினாற்போலத் திடீரென்று ஆரம்பித்த வலி. இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கும். நிற்க வைத்து ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், மதியத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வான். எக்ஸ்ரே சீட்டில் கையெழுத்து வாங்க சீஃபிடம் ஓடினான்.

சீஃப் டீ குடித்துக்கொண்டிருந்தார். "கையைப் பாத்தியா?"

"பாத்தேன் சார். எல்லாம் பழைய தழும்பு."

"பழசுன்னு தழும்பு சொல்லிச்சா, அவன் சொன்னானா?"

ஹெட் நர்ஸ் சிரித்தார். இருபது வருஷ அனுபவம். சீஃப் ஜோக்கை முடிப்பதற்குள் அவர் சிரித்து முடித்துவிடுவார்.

"சார், வயிறு கல்லு மாதிரி..."

"எனக்கும்தான் ரெண்டு நாளா கல்லு மாதிரி இருக்கு. எனக்கு எடுக்கறியா எக்ஸ்ரே? போய்த் தண்ணி ஊசி போடுப்பா, முதல் மார்க்."

தண்ணீர் ஊசி சீஃபின் சொந்தக் கண்டுபிடிப்பு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கட்டிலருகே நின்று கற்றுக்கொள்ள வேண்டும். வலி என்று வருகிற போதைக்காரனுக்கு 'பவரான மருந்து' என்று சொல்லி வெறும் உப்புத் தண்ணீரை ஏற்ற வேண்டும். வலி குறைந்தது என்றால் நடிப்பு. குறையவில்லை என்றால் இன்னும் மருந்து பிடுங்கப் பார்க்கிறான், அதுவும் நடிப்பு. முப்பது வருஷமாக இந்தப் பரீட்சையில் ஒருவனும் தேறியதில்லை.

முதல் மார்க் ஊசியோடு வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். படுத்திருந்தவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அந்த மாதிரி மருந்தா சார்? வேணாம் சார். மறுபடி பிடிச்சுக்கும். வலியைத் தாங்கிக்கறேன்."

"போட்டுக்கடா, டாக்டருக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

"பேரம் பேசறதைப் பாருங்க" என்றார் ஹெட் நர்ஸ்.

மருந்துக்காக நடிப்பவன் மருந்தை ஏன் வேண்டாம் என்கிறான்? முதல் மார்க்குக்குக் கேள்வி உதித்தது. ஊசி அதற்குள் உள்ளே போய்விட்டது.

பதினோரு மணிக்கு வலி குறைந்தது.

இது புத்தகத்தில் உண்டு. ஓட்டை விழுந்து சில மணி நேரம் கழித்து வலி தணிந்தாற்போல இருக்கும். நோயாளி பிழைத்துவிட்டதாக நினைப்பான். மோசமான டாக்டரும் அப்படியே நினைப்பார். உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் மார்க் இதைப் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். திருத்தி முழு மார்க் போட்டவர் இதே சீஃப்தான்.

சீஃப் எட்டு மாணவர்களோடு கட்டிலைச் சூழ்ந்து நின்றார். "எப்படி இருக்கு தம்பி?"

"தேவலாம் சார். ரொம்ப நன்றி சார்."

"உள்ள போனது என்ன தெரியுமா? உப்புத் தண்ணி!"

மாணவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரிக்கப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை.

"சார், வலி குறையறதே ஒரு..." என்று ஆரம்பித்தான் முதல் மார்க்.

"சொல்லுங்க பேராசிரியரே, கேட்டுக்கறோம்."

எட்டுத் தலைகள் திரும்பின. அடுத்த வாரம் பயிற்சி முடிந்ததற்குச் சீஃப் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒண்ணுமில்ல சார்."

கேஸ் ஷீட்டில் 'வலி இல்லை, வீட்டுக்கு அனுப்பலாம்' என்று எழுதினான். கையெழுத்து அழகாக வந்தது.

வெளி வராந்தா பெஞ்சில் அக்கா தம்பியை வறுத்தெடுத்தாள். "தண்ணியில போற வலியாடா உனக்கு? நாய் மாதிரி உன் பின்னாடி அலையறேனே, என்னையுமா ஏமாத்துவ?"

"நிஜமாவே வலிச்சுதுக்கா."

"வாயைத் திறக்காத."

அவன் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு உடம்பு கொதிக்கிறது என்று அவள் உள்ளே வந்தாள். "மருந்து கிடைக்காட்டி அப்படித்தான் கொதிக்கும்" என்றார் ஹெட் நர்ஸ். முதல் மார்க் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். நாலரைக்குத் தம்பியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது நாடி இல்லை.

சீஃப் எட்டிப் பார்த்தார். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. பிறகு முதல் மார்க்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இதயம் நின்னு போச்சுன்னு எழுது. அது பொய்யில்ல, நின்னுதானே இருக்கு? அக்காகிட்ட, வெளியில போய் ஊசி போட்டிருக்கான்னு சொல்லு. அறுத்துப் பாக்க வேணாம்னு அவளே எழுதிக் கொடுத்துருவா."

அவன் போய்ச் சொன்னான். அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் அவனை விட்டு நகரவே இல்லையே சார். தண்ணி வாங்க ஒரே தடவை போனேன். அஞ்சு நிமிஷம். அதுக்குள்ளயா?"

"அஞ்சு நிமிஷம் போதும்."

"நீங்கதானே அவனைத் தொட்டுப் பாத்தீங்க. உங்க வாயால சொல்லுங்க. என் தம்பி மறுபடி போட்டுக்கிட்டானா?"

"ஆமாம்மா."

அவள் நேரே போய்ச் செத்தவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். "பாவி! அஞ்சு நிமிஷம் உன்னால சும்மா இருக்க முடியலையாடா?"

"மெதுவாம்மா, மத்த பேஷண்ட் இருக்காங்க" என்றார் ஹெட் நர்ஸ்.

அவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். "வெளியில யாருக்கும் சொல்லிடாதீங்க சார், மானம் போயிடும்" என்று கும்பிட்டாள். முதல் மார்க் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான். பிறகு போர்வையை எடுத்து முதலில் வயிற்றை மூடினான். அப்புறம்தான் முகத்தை.