ஒட்டினவள் ஏற வேண்டும்

"படக ஒட்டினவங்கதான் மொதல்ல ஏறணும். எங்க வூட்டு சட்டம் அது," என்றார் லட்சுமணன்.

"ஏறிட்டா போச்சு. எனக்கு இன்னா பயம்? ஒட்டினது நானு," என்றேன். நீச்சல் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு ஃபைபர் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். அச்சில் நார்ப்பாயை விரித்து ரெசின் பசை தடவுவது முதல் ஷிஃப்ட், அதாவது என் ஷிஃப்ட். தேய்த்து, துடைத்து, ரெசின் படக்கூடாத இடங்களில் நாங்கள் ஒட்டிய டேப்பைப் பிரித்து அனுப்புவது இரண்டாவது ஷிஃப்ட். அவர்கள் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். போன மாதம்கூட, ஒரு துண்டு டேப்பைப் பிரிக்காமல் விட்ட காயத்ரி என்கிற பெண்ணைச் சூப்பர்வைசரிடம் நிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

என் தம்பி கிருபாகரன் கம்பெனி வேன் ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு, அடியில் விரிசல் விட்ட பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். எங்கள் குடும்பத்தில் கடலைப் பார்த்தவர்கள் உண்டு, கடலுக்குள் போனவர்கள் கிடையாது. அப்பா வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். "ஆழம் தெரியாம கால வுடாதடா" என்று திட்டிவிட்டு, வெளியாளைக் கூப்பிடாதே, நானே ஒட்டித் தருகிறேன் என்று வாக்கையும் கொடுத்துவிட்டேன்.

மூன்று ஞாயிறு போனது. முதல் ஞாயிறு பழைய பெயின்ட்டைத் தேய்த்தோம், ஃபைபர் தூசி பட்டு இரண்டு நாள் சொறிந்தோம். இரண்டாவது ஞாயிறு ரெசினை இறுக்குகிற ஹார்டனரை அவன் அளவுக்கு மீறி ஊற்றினான். ரெசின் மக்கிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை. கம்பெனியில் செய்வதுபோல் மூலை முடுக்கெல்லாம் டேப் ஒட்டி, விரிசலில் நான்கு அடுக்குப் பாய் போட்டு, நீலப் பெயின்ட்டும் நானே அடித்து முடித்தேன். மறுநாள் அவன் உள்ளே பத்து பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

லட்சுமணன் தேவனேரிக்காரர், பிறந்ததிலிருந்து கடலில் இருப்பவர். வெள்ளோட்டம் சரியாக இருந்தால் கிருபாவோடு கூட்டுச் சேர்ந்து வலை விடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் இல்லாவிட்டால் தம்பிக்குக் கடலும் இல்லை, படகும் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேராகக் கரைக்கு வந்தோம். சுடிதாருக்கு மேல் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டேன். படகை ஒட்டும்போது போட்டிருந்த, ரெசினும் பெயின்ட்டும் பட்டு விறைத்துப்போன அதே பழைய சட்டை.

"தக்கை போட்டியா?" என்று கிருபாவிடம் கேட்டார் லட்சுமணன். படகின் பின்பக்க அடியில் தண்ணீரை வடிக்க ஓர் ஓட்டை இருக்கும். கடலில் இறக்குமுன் அதை ரப்பர் தக்கையால் அடைக்க வேண்டும்.

"அதெல்லாம் ஆச்சு அண்ணாத்த. சொட்டு ஒழுவாது."

மணலில் இழுத்துத் தள்ளி, அலையைத் தாண்டினோம். கலங்கரை விளக்கம் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்தது. நான் ஒட்டிய இடத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ந்து, கெட்டியாக, ஈரமில்லாமல் இருந்தது. பெருமையாக இருந்தது.

அப்புறம் என் செருப்பு மிதந்தது.

"அக்கா, உன் ஒட்டு வுட்டுகிச்சு!" என்று கத்தினான் கிருபா.

"என் ஒட்டு வுடாதுடா! இங்க காஞ்சி கீது, வந்து பாரு!"

"அப்ப தண்ணி எங்கேர்ந்து வந்துகினு கீது?"

லட்சுமணன் படகைத் திருப்பினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. இன்ஜின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. "இந்த கனத்தோட அலைக்குள்ள போனா குப்புற கவுத்துடும். மொண்டு ஊத்து கிருபா, நிறுத்தாத," என்றார். இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டை என் பக்கம் வீசினார்.

நான் மண்டிபோட்டுத் தவழ்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் பின்பக்கம் துழாவினேன். விரலில் குளிர்ந்த தண்ணீர் வேகமாகப் பீறிட்டது.

"தக்கை இல்ல! டேய், தக்கை இல்லடா!"

"பக்கெட் தண்ணி நின்னுச்சேக்கா…"

"கண்ண வெச்சி பாத்தியா? சோம்பேறி! மூணு உசிரு!" வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எழுத முடியாததும் அதில் உண்டு.

துப்பட்டாவை முறுக்கி ஓட்டையில் திணித்தேன். தண்ணீரின் வேகம் அதை உள்ளே தள்ளியது. உட்கார்ந்து, காலை நீட்டி, குதிகாலால் அழுத்திப் பிடித்தேன். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். எனக்குக் கன்னத்தில் வைக்கக் கை ஏது? ஒரு கை விளிம்பைப் பிடித்திருந்தது, இன்னொன்று டப்பாவால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தது. தொடை மரத்துப்போனது. கர்த்தரே, இவனை விட்டுவிடும், இவன் ஒன்றும் தெரியாத பயல் என்று வேண்டிக்கொண்டே அவனைத் திட்டினேன். கிருபா நிறுத்தாமல் மொண்டு ஊற்றினான். அழுதுகொண்டுதான் ஊற்றினான்.

அலைக்கு வெளியே லட்சுமணன் படகை நிறுத்தினார். ஒரு அலை போனது. இரண்டு. மூன்றாவது அலை கடந்ததும் அதன் முதுகோடு ஓட்டினார். பின்பக்கம் ஒருமுறை தூக்கிச் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து மணல் அடியில் உரசியது.

இறங்கியதும் காலை ஊன்ற முடியவில்லை. லட்சுமணன் மூச்சு வாங்கிக்கொண்டு கிருபாவைப் பார்த்தார்.

"தக்கைய மறக்கறவன நம்பி நான் கடலுக்கு வரமாட்டேன் தம்பி. தப்பா நினைக்காத. எனக்கும் புள்ளைங்க கீது. போட்ட வித்துடு."

கிருபா தலையைக் குனிந்துகொண்டான். "சரி அண்ணாத்த."

"நல்லா கேளு," என்று நானும் ஒத்து ஊதினேன். அப்படியே நொண்டிக்கொண்டு என் ஒட்டைப் பார்க்கப் படகைச் சுற்றிப் போனேன். ஒட்டு அசையவில்லை. அதைத் தாண்டி, பின்பக்க ஓட்டையைச் சுற்றி, கிழிந்த டேப்பின் விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீலப் பெயின்ட். நான் அடித்த பெயின்ட்.

ரெசின் உள்ளே இறங்கக்கூடாது என்று ஓட்டையின்மேல் டேப் ஒட்டியவள் நான். பிரிக்கிற வேலை எப்போதும் அடுத்த ஷிஃப்ட்டுடையது. இங்கே அடுத்த ஷிஃப்ட் ஏது? பத்து பக்கெட் தண்ணீரைத் தாங்கிய டேப்பை மணலும் அலையும் உரித்துவிட்டன. அப்படியென்றால் தக்கை?

சட்டைப் பையின் பட்டனைக் கழற்றினேன். கையுறை, டேப் சுருள், அவற்றுக்கு அடியில் உருண்டையாக ரப்பர். கடலில் குதிகாலால் ஓட்டையை அழுத்திக்கொண்டு உயிரை விட்ட நேரமெல்லாம், தக்கை என் இடுப்பில் இருந்திருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. மணலில் போட்டு மிதித்தால் தீர்ந்தது. படகை விற்றுவிட்டு தம்பி மறுபடி வேன் ஓட்டப் போவான், எனக்கும் நிம்மதி. இப்படி நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். காயத்ரி அன்று சூப்பர்வைசர் முன்னால் தலையைக் குனிந்து நின்றதும் ஞாபகம் வந்தது.

நொண்டிப் போய் லட்சுமணன் கையில் தக்கையை வைத்தேன். "அவன் மறக்கல. நான்தான் கழட்டி பையில போட்டேன். ஓட்டைய டேப் போட்டு மூடுனதும் நான்தான்."

லட்சுமணன் தக்கையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "யக்கா, பையில வெச்சிகினா கால வெச்சி அடச்ச?"

கிருபா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து தக்கையை எடுத்துக்கொண்டு போய், ஓட்டையில் வைத்து, உள்ளங்கையால் நான்கு அடி அடித்தான். உள்ளிருந்தும் குனிந்து, கண்ணால் பார்த்தான். பிறகு லட்சுமணன் முன்னால் வந்து நின்றான்.

"நான் பாத்துருக்கணும் அண்ணாத்த. அது என் தப்புதான்."

லட்சுமணன் ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். "நாளைக்கு வெடிகாலைல வா. வலைய நான் எடுத்தாரேன்."

கிருபா என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டினான்.

"சட்டைய குடுக்கா. மொதல்ல பைய பாக்கணும்."

கழற்றிக் கொடுத்தேன்.