படித்தேன், புரிந்தது

கம்பெனி என்றால் அவருக்குச் சந்தேகம். கம்பெனி வக்கீல் என்றால் இரட்டைச் சந்தேகம். முப்பத்தொரு வருஷமாக ரெக்கார்டு ரூம் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. ஆனாலும் மேலே இருக்கிற எவன் பேச்சையும் அவர் முழுசாக நம்பியதில்லை.

நம்பாததற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. தங்கை புருஷன் அதே கம்பெனியின் அரவைக் கூடத்தில் கல்தூளைக் குடித்துக் குடித்து, இருமியே செத்தான். தங்கை வழக்குப் போட்டாள். வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் எழுதிய நெஞ்சுச் சோதனைச் சீட்டுகள்தான் அவளுக்கு இருந்த ஒரே ஆதாரம். நெஞ்சு கெட்டது தெரிந்தும் அவனை அங்கேயே வைத்திருந்தார்கள் என்று அவைதான் சொல்லும்.

"நீ கவலைப்படாதே," என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். "சீட்டெல்லாம் என் ரூம்லதான் இருக்கு. கடைசி அடுக்குல, சாக்பீஸ் கோடு போட்டு வச்சிருக்கேன். எவனாவது தொட்டான்னா கையை ஒடிச்சிடுவேன்."

"உன்னை நம்பித்தான் இருக்கேன்ணே."

அந்த அறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் சாகிற தேதி ஒட்டியிருக்கும். தேதி வந்தால் காகிதத்தைத் துண்டு போடும் மெஷினில் கொட்ட வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால், முன்பெல்லாம் வக்கீல் ஆபீஸிலிருந்து ஆள் இறங்கி வந்து பெட்டியில் சிவப்பு நாடா கட்டுவான். நாடா இருக்கும்வரை அந்தப் பெட்டிக்குச் சாவு கிடையாது. புதிதாக வந்த வக்கீலம்மா நாடாவை நிறுத்திவிட்டார். இனி எல்லாம் மெயில். அடியில் ஒரு பட்டன்: 'படித்தேன், புரிந்தது.' அழுத்தாவிட்டால் மேலே புகார் போகும்.

அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். தினம் பத்து மெயில் வரும். தீப்பிடித்தால் ஓடுவது எப்படி, கை கழுவுவது எப்படி. எல்லாவற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்.

ஒரு காலையில் வக்கீலம்மாவே படியிறங்கி வந்தார்.

"ஐயா, நாப்பத்தி நாலு பதினேழாம் நம்பர் பெட்டி எங்க?"

"போன வியாழக்கிழமை மெஷின்ல போட்டாச்சு. தேதி முடிஞ்சிடுச்சு."

வக்கீலம்மா முக்காலியில் உட்கார்ந்தார். "அதுதான் அரவைக் கூடத்து நெஞ்சுச் சோதனைச் சீட்டு."

அவர் சிரித்தார். "எங்கிட்டயே கதை விடாதீங்க. அது இதோ பத்திரமா இருக்கு."

சாக்பீஸ் கோடு போட்ட பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே கேன்டீன் டோக்கனின் அடிக்கட்டைகள். போன வருஷம் அடுக்கு மாற்ற வந்த வெளியாட்கள் காகிதங்களைப் பெட்டி மாற்றிப் புது நம்பர் ஒட்டியிருந்தார்கள். அதற்கும் ஒரு மெயில் வந்திருந்தது. அதையும் தட்டியிருந்தார்.

"மூணு வாரம் முன்னாடி, இந்த நம்பரை அழிக்காதீங்கன்னு அனுப்பினேன். புரிஞ்சதுன்னு அழுத்தியிருக்கீங்க."

"கை கழுவுறதுக்கும் அதே பட்டன்தாம்மா."

வக்கீலம்மா அந்தப் பெட்டியை மூடினார். "நான் ஒரு தடவை இறங்கி வந்து பாத்திருக்கணும். நாலு நிமிஷம் ஆகியிருக்கும்." பிறகு சொன்னார்: "மழைத் தண்ணில நனைஞ்சு போச்சுன்னு எழுதச் சொல்றாங்க மேல இருக்கிறவங்க. நான் எழுத மாட்டேன். நடந்ததை நடந்தபடி நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, கோர்ட்ல தாக்கல் பண்ணுவேன். அழிக்காதீங்கன்னு சொன்ன பிறகும் அழிச்சிட்டாங்கன்னு நீதிபதி கம்பெனிக்கு எதிரா எடுத்துக்கலாம். எடுக்காமலும் போகலாம். உங்க வேலை போகும். என் வேலையும் நிக்காது."

இதில் என்ன பொறியோ என்று நினைத்தார். வக்கீலம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒரு மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். பொறி இல்லை. கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்கு நடந்தார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று நாலு பேர் சொல்வது வழியெல்லாம் காதில் கேட்டது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, ஒன்று விடாமல் சொன்னார்.

"நான்தாம்மா போட்டேன். என் கையாலயே."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"வருஷா வருஷம் அந்தச் சீட்டுல அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வாங்களாம். வீட்ல அவர் எழுதினது ஒண்ணும் இல்லண்ணே. கேஸ் முடிஞ்சதும் ஒரே ஒரு சீட்டை மட்டும் உங்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

அவர் வாசற்படியையே பார்த்தார்.

"மெஷின்ல போடறப்ப பாத்தியாண்ணே, அவர் கையெழுத்தை?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிக்காத எத்தனையோ காகிதத்துக்குப் படித்தேன் என்று தட்டிய கைதான். வாய் வரவில்லை.

"பாக்கலம்மா," என்றார்.