கடல்ராஜாவின் தார்ப்பீப்பாய்

அட்லாண்டிக் கடலில், பூமத்திய ரேகைக்கு ஒரு நாள் தூரத்தில், லெப்டினன்ட் கமாண்டர் ட்ரெலீவன் ஒரு முட்டைக்கோஸ் இலையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இலை தனியாக வரவில்லை. பின்னாலேயே ஆரஞ்சுப் பெட்டியின் பலகை ஒன்று, உருளைக்கிழங்குத் தோல், யாரோ ஒரு சிப்பாயின் ஒற்றைச் செருப்பு. சாமி ஊர்வலம் போன தெருவில் பூ உதிர்ந்து கிடப்பதுபோல, துருப்புக் கப்பல்கள் போன வழியெல்லாம் குப்பை. இந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வர ஜெர்மன் நீர்மூழ்கிக்குக் கண்கூட வேண்டாம், மூக்கு போதும்.

“பகல்ல குப்பை கொட்டாதீங்கன்னு இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கவா சார்?” என்றார் மட்ஜ். விளக்கிலும் கொடியிலும் சேதி அனுப்புவது அவர் வேலை.

“முன்னாடி எப்படிச் சொன்னே?”

“‘தயவுசெய்து’ன்னு போட்டுச் சொன்னேன்.”

“அதை எடுத்துடு.”

“போன தடவையே எடுத்தாச்சு சார். இனிமே எடுக்க ஒண்ணும் மிச்சமில்ல.”

மத்தியதரைக் கடலில் எதிரி உட்கார்ந்திருந்த காலம் அது. பிரிட்டனிலிருந்து எகிப்துக்குச் சிப்பாய் போகவேண்டுமென்றால் ஆப்பிரிக்காவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகவேண்டும். எட்டு உல்லாசக் கப்பல்களில் சிப்பாய்களைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். காவலுக்கு க்ரூசர் என்ற பெரிய போர்க்கப்பல் ஒன்றும் நாலு சின்னக் கப்பல்களும். க்ரூசர் அன்று காலை வேறெங்கோ அவசரம் என்று போய்விட்டது. அடுத்த நாள் நண்பகலில் வேறொன்று வந்து சேரும். அதுவரை காவலுக்குத் தலைவர் ட்ரெலீவன்.

அவருடைய கப்பலின் பெயர் ‘டோட்ஃப்ளாக்ஸ்’. வேலியோரம் முளைக்கிற ஒரு களைப்பூ. சண்டைக்குப் போகிற கப்பலுக்குப் பூப்பெயர் வைத்த மகானுக்குச் சிலை வைத்தார்களா என்று தெரியவில்லை. அது உயிரைக் கொடுத்து ஓடினாலும், உல்லாசக் கப்பல் சோம்பல் முறித்துக்கொண்டு போகிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

எட்டுக் கப்பல்களுக்கும் தலைவர் வேறொருவர். ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் சர் ஆக்டேவியஸ் ஃபேன்ஷா. ரோஜாச் செடிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தவரை யுத்தம் கூப்பிட்டு, ‘கிளாரமாண்ட்’ என்ற பெரிய கப்பலின் மேல்தட்டில் ஏற்றிவிட்டது. ரோஜாக்கள் பிழைத்தன. பாதுகாப்பு விஷயத்தில் காவல் தலைவர் சொல்வதே செல்லும், பதவியில் சின்னவராக இருந்தாலும் செல்லும் என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர்கள் சர் ஆக்டேவியஸைப் பார்த்ததில்லை.

பிற்பகலில் இரண்டு சேதிகள் வந்தன. ஒன்று கரையிலிருந்து: உங்கள் வட்டாரத்தில் நீர்மூழ்கி நடமாட்டம், எச்சரிக்கை. மற்றது கிளாரமாண்டிலிருந்து: இன்று அந்தியில் கடல்ராஜா நெப்டியூன் வழக்கப்படி எழுந்தருளுவார். அவர் விடைபெறும்போது தார்ப்பீப்பாய் கொளுத்திக் கடலில் விடப்படும். பதற வேண்டாம்.

ட்ரெலீவன் இரண்டாவதை மறுபடி படிக்கச் சொன்னார். மட்ஜ் படித்தார். சேதி மாறவில்லை.

ரேகையைத் தாண்டுகிற இங்கிலீஷ்காரக் கப்பல்களில் பாட்டன் காலத்திலிருந்து வருகிற கூத்து இது. ஒருவர் கயிற்றைப் பிரித்துத் தாடி ஒட்டிக்கொண்டு கடல்ராஜாவாக முதல் நாள் மாலை வருவார். முதன்முறை ரேகை தாண்டுகிறவர்களுக்கு மறுநாள் மரக்கத்தியால் சவரம் செய்து தொட்டியில் தள்ளுவார்கள். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ராஜா திரும்பிப் போவதற்குத் தேர் வேண்டுமே? பீப்பாய் நிறையத் தாரை ஊற்றிக் கொளுத்திப் பின்பக்கம் இறக்கிவிடுவார்கள். அந்த வெளிச்சம் கண்ணுக்கு எட்டுகிறவரை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். வெகு தூரத்துக்குத் தெரியும் என்பதுதான் அதன் பெருமையே.

போன பயணத்தில் ஒருவன் இரவில் காற்றுக்காக ஒரே ஒரு சன்னல் வட்டத்தைத் திறந்து வைத்தான். ஒரு தட்டு அகலத்துக்கு வெளிச்சம். நீர்மூழ்கிக்கு அது போதும், கப்பல் மூழ்கியது. அந்தக் கப்பலின் ஆட்களை எண்ணெய்க்குள்ளிருந்து கையால் வாரி எடுத்தவர் ட்ரெலீவன். வாரும்போது கையோடு தோல் வந்தது. அதற்குப் பிறகு அவர் சிகரெட் நுனி தெரிந்தாலே மூன்று கப்பலுக்குக் கேட்கிறமாதிரி கத்துவார். அந்த மனிதருக்குத்தான் இப்போது பீப்பாய்.

டோட்ஃப்ளாக்ஸ் கிளாரமாண்டின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கம்பியோரம் முழுக்கச் சிப்பாய்த் தலைகள்.

“டேய் பூக்காரா! முழம் என்னடா விலை?” என்று மேலேயிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

சர் ஆக்டேவியஸ் மேல்தட்டின் ஓரத்துக்கு வந்தார். பச்சைச் சாயம் தோய்த்த கயிற்றுத் தாடி ஏற்கெனவே முகத்தில் இருந்தது. கையில் சூலம். கடல்ராஜா வேறு யாருமில்லை, அவரேதான். அட்மிரலோடு வாதாடலாம். கடவுளும் அவரே என்றால் யாரிடம் மேல்முறையீடு?

ஒலிபெருக்கியை எடுத்தார். “சார், நெருப்பு வேணாம்! பக்கத்துல நீர்மூழ்கி இருக்குன்னு சேதி!”

“ராத்திரி விளக்கு கூடாது, தெரியும். இது அந்தி.”

“அந்திக்கு அப்புறம் ராத்திரி வரும் சார்! இங்க கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்!”

“ட்ரெலீவன், நீங்க முன்னாடி என்ன கப்பல்ல இருந்தீங்க?”

“வாழைப்பழக் கப்பல் சார்.”

“அதான். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது.”

சிப்பாய்கள் ஊளையிட்டார்கள். ட்ரெலீவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி வந்தார்.

“சரி சார், பீப்பாயைப் போடுங்க. கொளுத்தாம போடுங்க.”

சர் ஆக்டேவியஸ் தாடியைத் தடவி யோசித்தார். “கொளுத்தாத பீப்பாய்னா அது குப்பை. வெளிச்சத்துல குப்பை போடக்கூடாதுன்னு காலையிலேர்ந்து உயிரை எடுக்கறது யாரு?”

“அப்ப இருட்டினதும் போடுங்க!”

“இருட்டுல கொளுத்தாம போட்டா எவனுக்குத் தெரியும்? எனக்கென்ன பைத்தியமா?”

“பாதுகாப்புல என் பேச்சுதான் சார் செல்லும். விதி இருக்கு!”

“பாதுகாப்பு உங்க இலாகா. நான் தலையிடறதே இல்ல. சம்பிரதாயம் என் இலாகா.”

“பீப்பாய் கடல்ல விழுந்தப்புறம் யார் இலாகா சார்?”

“கடல்ல விழுந்தப்புறமா?” சூலத்தைத் தட்டில் ஊன்றினார். “நெப்டியூனோடது.”

டோட்ஃப்ளாக்ஸ் விலகியது. “என்ன சார் சொன்னாரு?” என்றார் மட்ஜ்.

“தெய்வ தரிசனம் ஆச்சு மட்ஜ். வரம்தான் கிடைக்கல.”

நீர்மூழ்கி இருக்கிற கடலில் காவல் கப்பல் தன் இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் விசாரணை வரும். நகராவிட்டால், கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டே எட்டுக் கப்பலும் போகும். ட்ரெலீவன் மற்ற மூன்று கப்பல்களையும் பரவி நிற்கச் சொல்லிவிட்டு, கிளாரமாண்டின் வாலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சூரியன் மறைந்தது. பாண்டு வாத்தியம் முழங்கியது. கிளாரமாண்டின் பின்பக்கத்தில் ஒரு பொறி தெரிந்து, பிறகு ஆள் உயரத்துக்கு எழுந்து, கயிற்றில் தொங்கிக் கடலில் இறங்கியது. தண்ணீரெல்லாம் செம்பாகச் சிவந்தது. கப்பல் கூட்டம் ஆரவாரம் செய்துகொண்டே தூரப் போயிற்று.

டோட்ஃப்ளாக்ஸ் ஆட்கள் முதலில் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள். கொதிக்கிற தாரில் தண்ணீர் பட்டதும் அது சீறிக்கொண்டு இன்னும் உயர எரிந்தது. பிறகு நீளக் கொக்கியால் கவிழ்த்துப் பார்த்தார்கள். பீப்பாய் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது. கிளாரமாண்டின் தச்சர் வேலை சுத்தமானவர், அடியில் ஈயம் வைத்திருந்தார். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகூட அவ்வளவு நேர்த்தியாக நிமிராது.

“இடிச்சுத் தள்ளு!” என்றார் ட்ரெலீவன்.

டோட்ஃப்ளாக்ஸ் மூக்கால் முட்டியது. பீப்பாய் உடைந்தது. ஒவ்வொரு பலகையும் தன் பங்குத் தாரோடு தனித்தனியே எரிந்துகொண்டு அலையில் பரவியது. சற்று முன்வரை ஒரு தீ, இப்போது கார்த்திகை தீபம்.

“இப்ப இன்னும் நல்லாத் தெரியுது சார்” என்றார் மட்ஜ், வாயடக்க முடியாமல்.

படகை இறக்கி, நனைத்த கம்பளிகளைப் போட்டு ஒவ்வொரு பலகையாக அமுக்கினார்கள். அத்தனை நேரமும் கப்பல் நகராமல், மணமேடை வெளிச்சத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளையைப்போல நின்றது. ட்ரெலீவனின் முதுகு அரித்தது. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாத ஒன்றுக்காக முதுகு காத்திருந்தது.

கடைசிப் பலகை அணைந்தபோது, தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியில் இருந்தவன் தலையைத் தூக்கினான்.

“இன்ஜின் மாதிரி ஒண்ணு கேக்குது சார். கிட்டத்துல.”

“எந்தப் பக்கம்?”

“கப்பலுங்க போன பக்கமா... இல்ல, திரும்புது சார்.”

படகை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் பாய்ந்து, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டார்கள். கடல் வெள்ளையாக எழும்பி விழுந்தது. மறுபடி போட்டார்கள். பிறகு ஒலி இல்லை. எண்ணெய் மிதக்கவில்லை, பலகை மிதக்கவில்லை. மேலே வந்தது செத்த மீன் மட்டும். செத்த மீனை எந்த விசாரணையிலும் சாட்சி சொல்லவைக்க முடியாது.

இரவெல்லாம் இன்ஜினை விரட்டி, விடிகிற நேரத்தில்தான் கூட்டத்தைப் பிடித்தார்கள். எட்டுக் கப்பலும் முழுசாக இருந்தன. ட்ரெலீவன் எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்பாடா என்று காபிக் கோப்பையைக் கையில் வாங்கினார்.

அப்போது பின்னாலிருந்து, அவர்கள் வந்த தடத்திலேயே, புது க்ரூசர் தெரிந்தது. நண்பகலில் வரவேண்டியது, விடியலிலேயே வந்துவிட்டது. அதன் விளக்கு படபடவென்று சிமிட்ட, மட்ஜ் உரக்கப் படித்தார்: “நேற்று அந்தியில் உங்கள் பக்கம் மேகம் வரை சிவந்திருந்தது. கப்பல் எரிகிறது என்று எண்ணி முழு வேகத்தில் வந்தோம். எத்தனை பேர் போய்விட்டார்கள்?”

ட்ரெலீவன் கோப்பையைக் கீழே வைத்தார். யுத்தம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்புப் போன்ற ஒன்று தெரிந்தது. “அனுப்பு மட்ஜ். யாரும் போகல. எரிஞ்சது கிளாரமாண்டோட பீப்பாய். எவ்வளவு தூரத்துல தெரிஞ்சதுன்னு எழுத்துல வேணும்னு கேளு.”

க்ரூசர் அவரிடம் பதில் சொல்லாமல் கிளாரமாண்டோடு பேச ஆரம்பித்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வெகுநேரம் பேசினார்கள். முடிவில் கிளாரமாண்டின் விளக்கு எல்லாக் கப்பல்களுக்குமாகச் சிமிட்டியது.

மட்ஜ் படிக்கத் தயங்கினார்.

“படிய்யா.”

“‘நேற்றைய பீப்பாயைக் கண்டே க்ரூசர் ஆறு மணி நேரம் முன்னதாக நம்மைக் காக்க வந்து சேர்ந்தது. கடல்ராஜாவின் அருள். இருட்டில் வழி தவறாமல் நம்மைக் கண்டுபிடிக்க, மிதந்த முட்டைக்கோஸ் இலைகள் பெரிதும் உதவியதாக க்ரூசர் கேப்டன் தெரிவிக்கிறார்...’”

“அவ்வளவுதானா?”

“‘டோட்ஃப்ளாக்ஸ் அனுமதியின்றி இடத்தைவிட்டு விலகியது, வெடிச்சத்தத்தால் சிப்பாய்களின் தூக்கத்தைக் கெடுத்தது. விளக்கம் தரவும்.’ அப்புறம் சார்... நெப்டியூன் தர்பாருக்கு வராததால உங்களுக்குச் சவரம் பாக்கியாம்.”

கிளாரமாண்டின் பின்பக்கத்தில், பட்டப்பகல் வெளிச்சத்தில், சமையல்காரர் ஒருவர் தொட்டியைத் தூக்கிக் கடலில் கவிழ்த்தார். இலைகள் விரிந்து, டோட்ஃப்ளாக்ஸை நோக்கி வரிசையாக மிதந்து வந்தன.

“குப்பை சேதி அனுப்பவா சார்?”

“அனுப்பு.”

“‘தயவுசெய்து’ போடவா?”

ட்ரெலீவன் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். “போடு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்.”